ஒரு சுற்றை வைத்து முடிவு சொல்ல ஏலாது

கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியர்களும் பெற்றோர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையில் தரம் 11 மாணவர்களிடம் தாள் கொடுத்து, "எதிர்காலத்தில் என்னவாக வர விருப்பம்?" என்று எழுதச் சொன்னோம். வைத்தியர், சட்டத்தரணி, மௌலவி, ஆசிரியர், கட்டார் என்று வழமையான பதில்கள்தான் வந்தன. ஒரு தாளில் மட்டும் "ரேஸ் கார் பெர்போமன்ஸ் என்ஜினியர்" என்று இருந்தது.

நாங்கள் இருவர். ஆசிரியர் கலாசாலையில் ஒரே அணியில் படித்து, இப்போது ஒரே பாடசாலையில் இருக்கிறோம். ஒருவர் கணிதம், மற்றவர் விஞ்ஞானம். அந்தத் தாளை ஆசிரியர் ஓய்வறையில் உரத்து வாசித்துச் சிரித்தோம். அது போதாதென்று வகுப்பிலும், "முதல்ல கணிதத்துக்கு அம்பதத் தாண்டு தம்பி, ரேஸுக்குப் புறகு போகலாம்" என்றோம். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டு கிழமை கழித்து, உராய்வு பாடம் முடிந்ததும் அவன் கை உயர்த்தினான்.

"சேர், பாரம் கூடக் கூட உராய்வும் கூடும் எண்டு சொன்னீங்க. அப்ப பாரமான கார்தானே ரோட்ட நல்லாப் பிடிக்கோணும்? ஏன் ரேஸ் கார லேசாச் செய்றாங்க?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குப் பார்ப்பம்" என்று மழுப்பிவிட்டு வந்தோம். அன்றிரவு தேடத் தொடங்கினோம். அந்தத் தேடல் மூன்று மாதம் நீண்டது.

முதலில் அவனுடைய கேள்விக்கான பதில். புத்தகத்தின்படி பாரம் இரட்டித்தால் எல்லை உராய்வும் இரட்டிக்கும். காரைத் திருப்பத் தேவையான விசையும் இரட்டிக்கும். ஆகவே பாரம் ஒரு பொருட்டாக இருக்கக் கூடாது. ஆனால் டயர் இறப்பர் புத்தகத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அதன் மேல் பாரத்தை இரட்டித்தால் பிடி கூடும், ஆனால் இரண்டு மடங்காகாது. அதனால் பாரமான கார் வளைவில் தோற்கிறது. இன்னொன்று: கார் திரும்பும்போது பாரம் வெளிப்பக்க டயர்களுக்குப் போகிறது. வெளி டயர் பெறும் பிடி, உள் டயர் இழக்கும் பிடியை விடக் குறைவு. மொத்தத்தில் நட்டம். ரேஸ் கார்களைத் தாழ்வாகவும் அகலமாகவும் செய்வது இதனால்தான். அவற்றின் இறக்கைகளோ, காரின் திணிவைக் கூட்டாமல் காற்றாலேயே டயரை நிலத்தில் அழுத்துகின்றன. வேகம் இரட்டித்தால் அந்த அழுத்தம் நான்கு மடங்கு.

இதையெல்லாம் தேடும்போது வில்லியம் மில்லிக்கன் என்பவரைப் பற்றி அறிந்தோம். போயிங் நிறுவனத்தில் விமானங்களைப் பறக்கவிட்டுச் சோதித்த பொறியியலாளர். 1948 இல் அமெரிக்காவின் வொட்கின்ஸ் கிளென் ஓட்டப் போட்டியில் தனது புகாட்டியைக் கவிழ்த்தவரும் அவர்தான். அந்த வளைவுக்கு இன்றும் அவருடைய பெயர். விமானத்தின் உறுதிநிலையைக் கணிக்கும் முறைகளைக் காருக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 1995 இல், மகன் டக்ளஸுடன் சேர்ந்து ரேஸ் கார் இயக்கவியல் பற்றி ஏறத்தாழ 900 பக்கப் புத்தகம் வெளியிட்டார். இந்தத் துறையில் படிப்பவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

சரி, பெர்போமன்ஸ் என்ஜினியரின் வேலை என்ன? ஓட்டுவதும் அல்ல, நட்டுப் பூட்டுவதும் அல்ல. ஒரு போர்முலா 1 காரில் சுமார் 300 உணரிகள் இருக்கின்றன. வேகம், பிரேக், ஸ்டியரிங், டயரின் வெப்பம் எல்லாம் கோடுகளாகத் திரைக்கு வரும். ஒரு சுற்றின் கோட்டை இன்னொரு சுற்றின் கோட்டின் மேல் வைத்து, நேரம் எந்த வளைவில், எதனால் போனது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. எங்களில் கணிதம் படிப்பிப்பவர் ஒரு கணக்குப் போட்டார். சில்வர்ஸ்டோனில் பிரித்தானிய கிரான்ட் பிரி 52 சுற்று. சுற்றுக்கு 0.1 செக்கன் மிச்சம் பிடித்தால் முடிவில் 5.2 செக்கன். அதற்குள் எத்தனை இடங்கள் மாறிவிடும்!

இதை எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்தோம். பல்கலைக்கழக மாணவர்களுக்கென்றே போர்முலா ஸ்டூடன்ட் என்ற போட்டி இருக்கிறது. அமெரிக்காவில் 1981 இலும் பிரித்தானியாவில் 1998 இலும் தொடங்கியது. மாணவர்களே சிறிய ரேஸ் காரை வடிவமைத்து, செய்து, ஓட்ட வேண்டும். கார் ஓடினால் மட்டும் போதாது. ஏன் இப்படிச் செய்தாய் என்று நடுவர்கள் கேட்பார்கள், செலவுக் கணக்கும் காட்ட வேண்டும். எங்கள் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்களும் கார் செய்து சில்வர்ஸ்டோன் வரைக்கும் போயிருக்கிறார்கள். இதை வாசித்தபோது எங்கள் ஓய்வறைச் சிரிப்பு ஞாபகம் வந்து வெட்கமாகப் போனது.

அந்தப் போட்டியில் ஒரு சோதனை, எட்டு வடிவில் வட்டமடிப்பது. ஆரை 9 மீற்றருக்குச் சற்று மேல். நல்ல கார் ஒரு வட்டத்தை 5 செக்கன் அளவில் சுற்றும். இதை நாங்களும் செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். மைதானத்தில் தும்புக் கயிற்றால் 9 மீற்றர் ஆரையில் வட்டம் கீறி, சுண்ணாம்புத் தூள் போட்டோம். வாகனம், அவன் பாடசாலைக்கு வரும் சைக்கிள். ஓட்டியது அவனுடைய கூட்டாளி. அவன் கொப்பியோடு நடுவில் நின்றான்.

பரிதி 56.5 மீற்றர். சைக்கிள் 14 செக்கன் எடுத்தது. வேகத்தின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தால் மையத்தை நோக்கிய ஆர்முடுகல் வரும். சைக்கிளுக்கு 1.8, அந்த மாணவர் காருக்கு 14.2. புவியீர்ப்பு 9.8 தானே? கார் அதையும் தாண்டுகிறது என்றதும் கடைசி வாங்கிலில் இருப்பவர்களும் வாயைப் பிளந்தார்கள்.

பிறகு ஒரே ஒரு விடயத்தை மாத்திரம் மாற்றச் சொன்னோம்: டயர் காற்று. முதலில் 40, பிறகு 25. ஒவ்வொன்றுக்கும் ஐந்து சுற்று. நேரம் எடுத்த பிள்ளைகளில் ஒருத்தி, "சேர், கை பிந்துது. மூணு பேர் எடுத்து இடையத்த எழுதுவம்" என்றாள். நாங்கள் பாடத்தில் படிப்பித்த இடையத்தை எங்களுக்கே ஞாபகப்படுத்தினாள். 40 இல் சராசரி 14.1, 25 இல் 13.9. ஓட்டியவனோ காற்றுக் குறைந்தபோது சைக்கிள் மெதுவாகப் போனது போல் இருந்தது என்றான்!

"பார், ஓட்டுறவன் சொல்றதும் மணிக்கூடு சொல்றதும் வேற" என்று நாங்கள் பாடத்தை முடிக்கப் பார்த்தோம். அவன் கொப்பியை நீட்டினான்.

"இல்ல சேர். ஒரே காத்துல ஓடின சுத்துக்குள்ளயே 1.1 செக்கன் வித்தியாசம் இரிக்கி. இந்த 0.2 ஐ வெச்சி ஒண்டும் சொல்ல ஏலா. இன்னும் ஓடோணும்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் சொன்னது சரி. ஒரு சைக்கிள் டயரைப் பற்றி முடிவு சொல்லப் பத்துச் சுற்றுப் போதாது என்கிறான். நாங்கள் ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு தவணைப் புள்ளியை வைத்து, முழு வகுப்புக்கும் முன்னால் முடிவு சொல்லியிருந்தோம். அன்றே வகுப்பில் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

பிறகு அவனுடைய வாப்பாவைப் பார்க்கப் போனோம். ஆட்டோ திருத்தும் சிறிய கராஜ். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சேர், ரேஸ் எண்டா பயமா இரிக்கி. தியத்தலாவையில நடந்தத டீவியில பாத்தம்தானே. மத்தது, எனக்கிட்டக் காசும் இல்ல."

2024 ஏப்ரலில் பொக்ஸ்ஹில் போட்டியில் 7 உயிர்கள் போனதை யார் மறப்பார்? இது ஓட்டும் வேலை இல்லை, தரவு பார்க்கும் வேலை என்று விளக்கினோம். காசு விடயத்தில் பொய் சொல்லவில்லை. பிரித்தானியாவில் இதற்கென்றே படிப்பிக்கும் கிரான்பீல்ட், ஒக்ஸ்போர்ட் புறூக்ஸ் போன்ற பல்கலைக்கழகங்களில் எங்களைப் போன்றோருக்குக் கட்டணமே பல்லாயிரம் பவுண். ஆனால் மொறட்டுவையில் கட்டணம் இல்லை. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு வேண்டும், அவ்வளவுதான். பொறியியல் படித்தவன் ரேஸுக்குப் போகாவிட்டாலும் பட்டினி கிடக்க மாட்டான். வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவன் கணக்குப் பாத்துத்தான் இப்ப டயருக்குக் காத்து அடிக்கிறான் சேர்" என்று சிரித்தார்.

மாணவிகளுக்கும் ஒரு செய்தி சொன்னோம். லோரா முல்லர் என்ற ஜேர்மன் பெண், ஹாஸ் அணியில் பெர்போமன்ஸ் என்ஜினியராக இருந்து, 2025 இல் போர்முலா 1 இன் முதலாவது முழுநேரப் பெண் ரேஸ் என்ஜினியரானார். இடையம் சொன்ன பிள்ளை அந்தப் பெயரைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

சாதாரண தரத்தில் அவனுக்குக் கணிதத்துக்கு பீ சித்தி. இப்போது உயர்தரத்தில் இணைந்த கணிதத்தோடு மல்லுக்கட்டுகிறான். சில்வர்ஸ்டோன் போவானா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

இரண்டு வேண்டுகோள். மோட்டெக் என்ற அவுஸ்திரேலிய நிறுவனம் தரவுக் கோடுகளைப் பார்க்கும் மென்பொருளை இலவசமாகவே தருகிறது. எங்களிடம் அதை இயக்கக்கூடிய கணினிதான் இல்லை. பாவிக்காத மடிக்கணினி இருந்தால் சொல்லுங்கள். பொறியியல் பீடத்தில் படித்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாராவது விடுமுறையில் வந்து ஒரு மணித்தியாலம் இவர்களோடு பேசினாலும் பெரிய உதவி. கயிறும் சுண்ணாம்பும் நாங்கள் வைத்திருக்கிறோம்.