கண்டிச் சீமைக்கு ஒரு வீதிப் பயணம்

கனடாவில் வாழும் என் தங்கை மகள் வரும் விடுமுறையில் கணவரோடு இலங்கை வருகிறாள். கடல், பாலைவனம், மலை மூன்றையும் ஒரே பயணத்தில் காண வேண்டுமாம். "மாமா, நீங்களே திட்டம் போட்டுத் தாருங்கள்" என்று மின்னஞ்சல் எழுதியிருந்தாள்.

இலங்கையில் பாலைவனம் ஏது என்று வாசகர்கள் கேட்கலாம். மணல் வெளியை மட்டுமே பாலை என்று நம் முன்னோர் கொள்ளவில்லை. நீரற்று வறண்ட வழியும் பாலைதான். அதற்குரிய ஒழுக்கம் பிரிவு. அப்படிப் பார்த்தால் நெய்தலில் தொடங்கி, பாலையைக் கடந்து, குறிஞ்சியில் முடியும் வழி ஒன்று நம்மிடம் உண்டு. எங்கள் பூட்டன் கால்நடையாய் வந்த வழி அது. ஆகவே பயணத்தைத் தலைமன்னாரில் தொடங்கி ஹட்டனில் முடிக்குமாறு ஐந்து நாள் திட்டம் ஒன்றை எழுதி அனுப்பினேன்.

தங்கைக்கு அது பிடிக்கவில்லை. "கொழும்பிலிருந்து நேரே நுவரெலியா போனால் போதாதா? மன்னாரில் வெயிலைத் தவிரப் பிள்ளைகள் பார்க்க என்ன இருக்கிறது?" என்று தொலைபேசியில் கடிந்துகொண்டாள். அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன்.

முதல் நாள் மாலை தலைமன்னார்ப் பழைய இறங்குதுறையில் நிற்க வேண்டும். எதிரே, முப்பது கிலோமீற்றர் அளவில் தனுஷ்கோடி. 1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியபின், தமிழகத்திலிருந்து தோணியேறிய கூலிகள் மன்னார்க் கரையில் இறங்கினர். கங்காணியின் பின்னே அவர்கள் நடந்தது மாத்தளை வரை. ஏறத்தாழ 250 கிலோமீற்றர்.

இரண்டாம் நாள் மன்னாரிலிருந்து மதவாச்சி வரையிலான வீதி. இதுவே நம் பாலை. இன்று குளிரூட்டிய வேனில் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடலாம். அன்று தாகத்தாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் இவ்வழியில் மாண்டவர் பலர். அவர்களுக்குக் கல்லறை இல்லை; பெயர்ப் பட்டியலும் இல்லை. ஆகையால் அந்த வெயிலில் ஓரிடத்திலாவது வேனை நிறுத்தி அரை மணி நேரம் நடக்கும்படி எழுதியிருக்கிறேன். பிற்காலத்தில் தூத்துக்குடி–கொழும்புக் கப்பலும், 1914இல் தலைமன்னார் ரயிலும் வந்தபின் அந்த நடை ஓய்ந்தது.

மூன்றாம் நாள் மிகிந்தலை, தம்புள்ளை வழியே மாத்தளை. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலில், உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் வழிபட்டார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனியும் ஆகஸ்ட் 12இல் மாத்தளையில்தான் நிறைவுற்றது.

நான்காம் நாள் கண்டி, கம்பளை, றம்பொடை வளைவுகள், நுவரெலியா. ஐந்தாம் நாள் நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன். இங்கே காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. டெவன் அருவியை வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயலில் மலையகத்தில் மண்சரிவுகள் ஏராளம். எனவே புறப்படுமுன் வீதி நிலைமையை விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்த வழி வந்த வழி மட்டுமன்று, போன வழியும்கூட. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. எழுபதுகளில் எங்கள் தாய்மாமன் குடும்பம் ஹட்டனில் ரயிலேறித் தலைமன்னார் சென்று கப்பலேறியது. அந்த ரயிலை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர். மேடையில் நின்றவர்களும் அழுதார்கள். பெட்டிக்குள் இருந்தவர்களும் அழுதார்கள். அன்று அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமிதான் இன்று "மன்னாரில் என்ன இருக்கிறது" என்று கேட்கும் என் தங்கை.

இதைச் சொன்னதும் மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "வேனில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்குமா, அண்ணா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. எட்டுப் பேர் அமரும் வேனையே பேசியிருக்கிறேன். நண்பகல் வெயிலுக்கு முன் மதவாச்சியை அடைய, மன்னாரிலிருந்து காலை ஆறு மணிக்கே புறப்பட வேண்டும். தண்ணீர்ப் போத்தல்களை மறக்கலாகாது.