ஊசிக்கு முன்னால் ஒரு நூல்

அண்ணா நகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது புருவத்துக்குப் பர்மனென்ட் மேக்கப் போடும் அந்த அறை. காலை பத்தரை மணிக்கு நான் போனபோது உதவியாளர் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து பிளேடால் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். முனையை இரண்டு பக்கமும் தட்டையாக, சின்ன உளி மாதிரி இழைத்திருந்தாள். “கூரா இருந்தா கோடு ஒரு இடத்துல தடியா, ஒரு இடத்துல மெல்லிசா வரும் சார். இப்படிச் சீவினா ஒரே அளவா விழும்” என்றாள். அன்றைக்கு ஆறு பென்சில் தயாராக இருந்தது. ஒரு ஜோடிப் புருவம் வரைந்து முடிவதற்குள் நாலு தேய்ந்துவிடுமாம்.

பர்மனென்ட் மேக்கப் என்று சொல்கிறார்களே தவிர, அது ஆயுளுக்கும் நிற்பதில்லை. தோலுக்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் ஊசியால் நிறமியை ஏற்றுகிறார்கள். ஓரிரண்டு வருடத்தில் மங்க ஆரம்பிக்கும். ஆனால் தப்பாகிவிட்டால் அந்த ஓரிரண்டு வருடம் எவ்வளவு நீளம் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். என் அக்காவைப் படுக்கவைத்து, ஒரு பிளாஸ்டிக் அச்சை நெற்றியில் வைத்துக் கோடு இழுத்து, இருபதே நிமிடத்தில் ஊசியை எடுத்துவிட்டார்கள் ஓர் இடத்தில். எழுந்து உட்கார்ந்தபோது இடது புருவம் வலதைவிட மேலே இருந்தது. மறுவருடம் நிறம் செங்கல் சிவப்பாக மாறியது. நெற்றியில் முடியை இழுத்துவிட்டுக்கொள்ளாமல் அவள் வாசலுக்குக்கூட வருவதில்லை. நிதானமாக வரைகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு நான் அங்கே போனதற்கு அதுதான் காரணம்.

வரையும் அந்த அம்மாவுக்கு 45 வயது இருக்கும். வியாசர்பாடிக்காரர். 18 வயதில் பார்லர் வேலைக்கு வந்து, பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு த்ரெடிங் செய்தே கண்ணைப் பழக்கியவர். இப்போதும் அவருடைய முதல் கருவி நூல்தான்.

அன்று வந்திருந்தவர் 54 வயது ஆசிரியை. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்து முடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தலைமுடி திரும்ப வந்துவிட்டது. புருவத்தில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும்தான். கையில் மருத்துவரின் சம்மதக் கடிதம். கூடவே மகள்.

முதல் அரை மணி நேரம் பென்சிலையே தொடவில்லை. கேள்விகள் மட்டும். சுகர் கட்டுக்குள் இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, காயம் பட்டால் தழும்பு தடித்து வளருமா, முகத்துக்கு ஏதாவது மருந்து போடுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு பதில் சரியில்லை என்றாலும் அன்றைக்கு வேலை கிடையாது.

பிறகு ஆசிரியையை முதுகு நிமிர்ந்து உட்காரச் சொன்னார். படுத்தால் நெற்றித் தோல் காதுப் பக்கம் சரிந்துவிடும்; படுத்த முகத்தில் சமமாக இருப்பது எழுந்த முகத்தில் சமமாக இருக்காது. என் அக்காவுக்கு நடந்தது என்ன என்று எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது.

மை தடவிய நூலை இரண்டு கைகளின் ஆள்காட்டி விரலிலும் சுற்றி விறைப்பாகப் பிடித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நெற்றியின் நடுவில் மெல்ல ஒற்றி எடுத்தார். முடியளவு கோடு ஒன்று விழுந்தது. ஆசாரி பலகையில் காவி நூல் அடிப்பார் இல்லையா, அந்த வேலைதான். தோலென்பதால் சுண்டிவிடாமல் ஒற்றுகிறார். நடுக்கோட்டைக் கண்களின் உள்மூலைகளிலிருந்து கணக்கிட்டார். “மூக்கை நம்ப மாட்டேன், நிறைய பேருக்குக் கொஞ்சம் சாஞ்சிருக்கும். பொட்டையும் நம்ப மாட்டேன்” என்றார். பார்த்தால், ஆசிரியையின் நெற்றியில் வருஷக்கணக்காகப் பொட்டு வைத்த தடம் நடுக்கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் வலது பக்கம் தள்ளி இருந்தது.

மூக்கின் ஓரத்திலிருந்து மேல்நோக்கி நூல் பிடித்தால் புருவம் தொடங்கும் இடம். அதே ஓரத்திலிருந்து கருவிழியின் வெளிவிளிம்பு வழியாகப் பிடித்தால் வளைவின் உச்சி. கண்ணின் வெளிமூலை வழியாகப் பிடித்தால் வால் முடியும் இடம். பாடம் இவ்வளவுதான், ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். இதற்குப் பிறகு அவர் செய்ததைக் கற்க வருடங்கள் ஆகும்.

“டீச்சர், பசங்களைத் திட்டுற மாதிரி பாருங்க.” ஆசிரியை முறைத்தார். “இப்ப சிரிங்க. இப்ப ஆச்சரியப்படுங்க.” ஒவ்வொரு முறையும் வலது புருவமேடு அதிகமாக ஏறியது. கண்ணை மூடச் சொல்லி, நெற்றியைக் கட்டைவிரலால் நீவிவிட்டு மறுபடி அளந்தார். வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. “இது எலும்பு இல்ல, பழக்கத்துல சதை தூக்குது. தூக்கின நிலைமையில சமம் பண்ணிட்டா, சும்மா இருக்கும்போது கோணலாத் தெரியும்.”

மகள் கைபேசியில் ஒரு நடிகையின் புருவத்தைக் காட்டினாள். ஆசிரியை பையிலிருந்து தன் பழைய அடையாள அட்டையை எடுத்தார். கலைஞர் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு அட்டையை மட்டும் கண்ணாடி ஓரத்தில் செருகினார். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மிச்சம் இருந்த சில முடிகள் எந்தப் பக்கம் படுத்திருக்கின்றன என்று பார்த்தார். “இதுங்கதான் எனக்கு வழி சொல்லணும்.”

1.618 என்ற விகிதத்துக்கு அமைத்த மூன்று கால் அளவுகோல் சுவரில் தொங்கியது. வரைந்து முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் அதை எடுத்தார். அது சரி என்றே எனக்குப் படுகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் செய்யப்போகும் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதையே மடித்து முகத்துக்கும் மார்புக்கும் அளவு குறித்துக்கொள்வார்கள். அந்தச் சிலைக்கு அந்த ஓலை. இந்த அம்மா நூலைப் பிடிப்பதும் அப்படித்தான். அளவு அந்த முகத்திலிருந்தே வந்தது.

மூன்று முறை வரைந்தார். மூன்று முறையும் பஞ்சால் துடைத்தார். முதலாவது வளைவு அதிகம், கோபக்காரி போல இருந்தது. இரண்டாவதில் உள்முனைகள் நெருங்கிவிட்டன. மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது, அவருக்குப் பிடிக்கவில்லை. நாலாவதில் ஆசிரியையை எழுப்பி, சுவர்க் கண்ணாடிக்கு ஐந்தடி தள்ளி நிற்கவைத்தார். கைக்கண்ணாடி கொடுப்பதில்லை. கிட்டத்தில் பார்த்தால் புருவம் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது என்றார்.

ஆசிரியை வெகுநேரம் பார்த்தார். “இடது வால் கொஞ்சம் இறங்கியிருக்கோ?” அளந்தால் சரியாக ஒரு மில்லிமீட்டர்.

முடி முடியாகக் கீறி வரையும் முறைதான் வேண்டும் என்று மகள் கேட்டாள். எண்ணெய்ப் பசையுள்ள தோலில், அதுவும் சென்னை வியர்வையில், அந்தக் கீறல்கள் ஒன்றோடொன்று கசிந்துவிடும் என்று சொல்லி, புள்ளி புள்ளியாக நிழல் போடும் முறையை முடிவுசெய்தார். நிறம் கறுப்பு வேண்டாம், ஆறியபின் சாம்பல் நீலமாகத் தெரியும் என்று அடர்பழுப்பு.

ஊசியை எடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் அளவுகளை ஒரு கட்டம்போட்ட நோட்டில் குறித்துக்கொண்டு, “இன்னிக்கு வேணாம் டீச்சர். இதோட வீட்டுக்குப் போங்க. பஸ்ல, வீட்டுக் கண்ணாடியில, டியூப் லைட்டுல பாருங்க. வியாழக்கிழமை வாங்க” என்றார். அன்று அவருக்கு வரைந்த கூலி மட்டும்தான். ஒரு மணி பத்து நிமிடம் குனிந்தே இருந்த கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு அடுத்தவரை அழைத்தார்.

வியாழக்கிழமையும் போனேன். முன்பக்கம் இன்னும் கொஞ்சம் மெல்லிசாக வேண்டும் என்றார் ஆசிரியை. நோட்டைப் பார்த்து மறுபடி நூல், மறுபடி பென்சில், நாற்பது நிமிடம். மரத்துப்போகச் செய்யும் க்ரீம் பென்சில் கோட்டைக் கரைத்துவிடும் என்பதால் முக்கியமான இடங்களில் அழியாத மார்க்கரால் புள்ளி வைத்துக்கொண்டார். ஊசி வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஏற்கெனவே முடிவான கோட்டுக்குள் கை போய்வந்தது.

உங்கள் வீட்டில் யாராவது இதற்குப் போவதாக இருந்தால், உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள். எழுந்து நின்று தள்ளியிருந்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அழிக்கச் சொல்லுங்கள், எத்தனை முறை ஆனாலும் சொல்லுங்கள். அவசரப்படுத்தினால் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பென்சில் கோடு ஈரப் பஞ்சில் போய்விடும்.