உறைக்குள் ஓடும் கம்பி

பழைய வண்டியைப் புதுப்பித்தல் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது வண்ணப் பூச்சுதான். துரு நீங்கித் தகரம் மின்னத் தொடங்கிவிட்டால், வண்டி புத்துயிர் பெற்றதாகவே எண்ணி மகிழ்கிறோம். ஆனால் வண்டியின் உயிர் உறைக்குள் ஓடும் கம்பிகளிலும், குழாய்க்குள் ஓடும் வாயுவிலும் மறைந்து கிடக்கிறது. மறைந்து கிடப்பதாலேயே அங்கே அரைகுறை வேலை செய்து முழுக்கூலி வாங்குவதும் எளிதாகிறது.

எங்கள் பகுதி மோட்டார் வண்டிகளோடு வளர்ந்த பகுதி. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாயிற்று. 1980இல் அசோக் லேலண்ட் தொழிற்சாலை அங்கே தொடங்கியது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட்டும் அவ்வூரிலிருந்து வெளிவந்தது. பெரிய ஆலைகளின் நிழலில் சிறு பட்டறைகள் பல தோன்றின. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குப் போனால், ஜே.சி. ரோட்டுக் கடைகளில் கிடைக்காத உதிரிபாகம் அரிது. ஆகவே தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே பட்டறையில் ஒலிப்பதும், ஸ்பேனரை எம்மொழியில் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க ஒரு கை நீள்வதும் எங்களுக்குப் பழகிய காட்சி.

எங்கள் வீட்டிலிருப்பது டாடாமொபைல் 206 என்னும் பிக்கப் வண்டி. 1988இல் அறிமுகமான வகை அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அத்தா அதை வாங்கினார்கள். கிருஷ்ணகிரித் தோப்புகளில் விளையும் பெங்களூரா மாம்பழத்தைக் கூழ் ஆலைகளுக்குக் கொண்டு செல்வதே அதன் தொழில். நோயுற்றிருந்த நன்னிமாவைப் பெங்களூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொருட்டு, வெளியில் வாங்கிய குளிர்சாதனம் ஒன்றையும் அத்தா அதில் பொருத்தி வைத்தார்கள். நன்னிமாவும் அத்தாவும் அடுத்தடுத்து மறைந்தார்கள். குளிர்சாதனமும் ஓய்ந்தது. வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சென்ற மாம்பழப் பருவத்தில் ஒரு நண்பகல், சூளகிரி அருகே எங்கள் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மயங்கிச் சாய்ந்தார். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரை நோக்கிக் கிருஷ்ணகிரியிலிருந்து ஏறும் சாலை அது. பாரத்தோடு ஏறுகையில் எஞ்சினின் அனல் ஓட்டுநரின் கால்மாட்டில்தான் இறங்கும். அதே வாரத்தில் டாஷ்போர்டின் அடியிலிருந்து கருகல் நாற்றமும் எழுந்தது. வீட்டில் கூடிப் பேசினோம். "பெயின்ட் அடித்து விற்றுவிடலாம்" என்றான் தம்பி. "வண்டி ஓட்டுகிறவனுக்கு எதற்கு ஏ.சி.?" என்று கேட்டார் பெரியவர் ஒருவர். விற்றுவிட்டால், கருகும் கம்பி இன்னொரு வீட்டாரின் வண்டியில் கருகும், அவ்வளவுதானே வேறுபாடு? வயரிங்கையும் குளிர்சாதனத்தையும் அடியோடு மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

கிருஷ்ணகிரியில் முதிய எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் வண்டியை ஒப்படைத்தேன். அவர் டாஷ்போர்டைக் கழற்றியதும் கண்ட காட்சி வேதனை தருவதாயிருந்தது. சிவப்புக் கம்பியோடு பச்சைக் கம்பியை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். வெப்பத்தில் டேப்பின் பசை இளகிப் புழுதி அப்பியிருந்தது. ஓரிடத்தில் ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பி இருந்தது. முன்னர் ஒரு பட்டறையில் 'முழு வயரிங்' என்று சொல்லிப் பணம் பெற்றுக்கொண்ட வேலை அது!

ஃபியூஸ் விளக்கைக் காப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது காப்பது கம்பியை. தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் பாயும்போது தான் உருகி, கம்பி உருகாமல் தடுக்கிறது. அந்த இடத்தில் தடித்த செம்பை வைத்தவர், எரியும் வேலையை வயரிங்குக்கே விட்டுவிட்டார்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. வண்டியிலோ மொத்தமே 12 வோல்ட். துருவேறிய இணைப்பில் ஒரு வோல்ட் தொலைந்தால், முகப்பு விளக்கின் ஒளியில் ஏறத்தாழக் கால் பங்கு போய்விடும். 60 வாட் விளக்கு ஒன்று 5 ஆம்பியர் கேட்கும். குளிர்சாதனத்தின் விசிறிகளும் கம்ப்ரசர் கிளட்சும் சேர்ந்தால் 20 ஆம்பியரை எட்டும். இவ்வளவையும் சுவிட்சின் மெல்லிய தகட்டின் வழியே செலுத்தினால் அது கருகாமல் என்ன செய்யும்? ஆகவே பெரியவர் ரிலேக்களை அமைத்தார். சிறு மின்சாரத்தால் சுவிட்சு ரிலேயைத் தூண்ட, பெருமின்சாரம் பேட்டரியிலிருந்து தடித்த கம்பி வழியே நேரே செல்லும். பேட்டரியை ஒட்டியே முதன்மை ஃபியூஸை வைத்தார். எர்த் இணைப்புகளைத் துருப்போகச் சுரண்டினார். எங்கும் முறுக்கி ஒட்டாமல், முனைதோறும் லக் வைத்து அழுத்தினார். ஆல்டர்னேட்டரும் பெரியதாக மாறியது.

குளிர்சாதனத்தின் கதை இன்னும் ஆழமானது. பழைய குழாய்க்குள் இருந்தது ஆர்-12 என்னும் வாயு. நஞ்சில்லாதது, தீப்பற்றாதது என்று உலகம் கொண்டாடிய பொருள் அது. அவ்வகை வாயுக்கள் வானில் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மோலினா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் 1974இல் எச்சரித்தார்கள். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று; 1992இல் இந்தியா அதில் இணைந்தது. 2010 முதல் குளிர்சாதனங்களுக்காக அவ்வாயுவைத் தயாரிப்பது இந்நாட்டில் இல்லை. ஆயினும் வெளியே விட்ட வாயு ஏறத்தாழ நூறாண்டுகள் காற்றில் தங்கும்.

"நட்டைத் தளர்த்தினால் இரண்டு நிமிடத்தில் போய்விடும்" என்றார் பட்டறைக்காரர் ஒருவர். நிறமில்லை, நாற்றமில்லை, கேட்பார் யாருமில்லை. ஆனால் என் பேரப்பிள்ளைகள் சுவாசிக்கும் காலத்திலும் அது மேலே நிற்கும். வாயுவைச் சிலிண்டரில் பிடித்தெடுக்கும் இயந்திரம் உள்ள பெங்களூர்ப் பட்டறைக்கு வண்டியை ஓட்டிச் சென்றோம். பிடிபட்டது சில நூறு கிராம்தான். செலவோ ஒரு நாளும் ஒரு நாள் கூலியும்.

புதிய வாயுவான 134-ஏ, பழைய எண்ணெயோடு கலவாது. எண்ணெய் சுற்றி வராவிட்டால் கம்ப்ரசர் வறண்டு இறுகிவிடும். எனவே கம்ப்ரசர், கன்டென்சர், ஈரம் உறிஞ்சும் டிரையர், ரப்பர் வளையங்கள், குழாய்கள் அனைத்தும் மாறின. பிறகு வேக்குவம் பம்பை முக்கால் மணி நேரம் ஓட்டி உள்ளிருந்த ஈரத்தை வெளியேற்றினார்கள். துளி நீர் தங்கினாலும் வால்வில் பனியாக உறைந்து வழியடைக்கும். நாளடைவில் அமிலமாகி உலோகத்தைத் தின்னும். இப்புதிய வாயு ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வல்லது. அதையும் குறைக்கும் கிகாலி திருத்தத்தை 2021இல் இந்தியா ஏற்றது. எனவே கசிவு இல்லையென்று உறுதி செய்துகொள்வது நம் கடமையாகிறது.

வீட்டுப் பெரியவரின் கேள்விக்கு அரசாங்கமே ஒரு விடை சொல்லியிருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் கட்டாயம். நம் பிக்கப் வண்டிகள் அவ்விதிக்குள் வாரா. ஆனால் சட்டம் வராத இடத்திலும் வெயில் வருகிறதே! அனலில் வாடிய ஓட்டுநரின் கண் ஒரு கணம் சொருகினால், எதிரே வரும் குடும்பத்துக்கு அவ்வண்டியின் எடை எவ்வளவு என்பதா பொருட்டு?

வேலை முடிந்த அன்று, முதியவர் ஒரு வெள்ளைத்தாளில் கம்பிகளின் நிறத்தையும் அவை செல்லும் இடத்தையும் நிதானமாக வரைந்தார். ஃபியூஸ் பெட்டியின் மூடிக்குள் அதை ஒட்டினார். "இது யாருக்கு?" என்று கேட்டேன். "எனக்குப் பிறகு இதைத் திறக்கிறவனுக்கு, தம்பி. அவன் தடுமாறக் கூடாதில்லையா?" என்று சொல்லிவிட்டு மூடியை அழுத்திச் சாத்தினார்.