தொண்டையில் ஒரு மஞ்சள் பொட்டு

எங்கள் விடுதியின் பின்புறத்தில் ஒரு கிணறும், துணி துவைக்கும் கல்லும், முதிய பலா மரம் ஒன்றும் உண்டு. பலாவின் தாழ்ந்த கிளையில் நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு கொட்டாங்கச்சியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். அதில் நாள்தோறும் ஒரு பிடி சாமை போடுவோம். கிணற்று மதிலின் மேல் மண்தட்டு ஒன்றில் நீர் வைப்போம். ஜவ்வாது மலையில் சாமைக்கா பஞ்சம்? எங்களுள் ஒருத்தி மலையூரிலிருந்து வந்து தங்கிப் படிப்பவள். அவளுடைய அம்மா மாதம் ஒருமுறை அவளைப் பார்க்க வரும்போது ஒரு சிறு பை நிறையச் சாமை கொண்டுவந்து தருவார். அதுதான் பறவைகளுக்கு விருந்து.

தவிட்டுக் குருவிகள் கூட்டமாக வந்து கூச்சலிடும். மைனா அதிகாரம் செய்யும். அணிலோ அழைக்காமலே வரும்! மாடியில் உள்ள படிப்பு அறைச் சன்னலிலிருந்து இவற்றையெல்லாம் பார்த்து, வந்த பறவை, வந்த நேரம், அதன் நிறம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தோம்.

பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பிய வாரத்தில் ஒரு புதிய விருந்தாளி வந்தது. உருவில் சிட்டுக்குருவி போலத்தான் இருந்தது. ஆனால் சிட்டுக்குருவியின் முதுகில் இருக்கும் கருங்கோடுகள் இதற்கு இல்லை. தோளில் செங்காவி நிறம், சிறகில் இரண்டு வெள்ளைக் கோடுகள். ஆண் சிட்டுக்குருவிக்கு உள்ள கறுப்புத் தாடியும் காணோம். இது என்ன பறவை? "நிறம் வெளிறிய சிட்டுக்குருவிதான்" என்று நாங்கள் நால்வரும் முடிவு கட்டினோம். மலையூர்த் தோழி மட்டும் ஒப்பவில்லை. "இது வேறு குருவி. தொண்டையில் மஞ்சள் பொட்டு இருக்கிறது. எங்கள் ஊரில் மரப்பொந்தில் கூடு வைக்கும்" என்றாள்.

நாங்கள் நால்வரும் சன்னலில் நெருக்கியடித்து நின்று பார்த்தோம். மஞ்சளும் இல்லை, பொட்டும் இல்லை! மறுநாளும் பார்த்தோம், இல்லை. அவள் குறிப்பேட்டில் "தொண்டையில் மஞ்சள்" என்று எழுதியிருந்ததை எங்களில் ஒருத்தி சிவப்பு மையால் அடித்தாள். இன்னொருத்தி பக்கத்தில் "பொய்" என்று எழுதினாள். மற்ற இருவரும் சிரித்தோம். யார் அடித்தது, யார் எழுதியது என்று இங்கே சொல்லப்போவதில்லை. நால்வருக்கும் அதில் பங்கு உண்டு.

அவள் எங்களோடு சண்டை போடவில்லை. அன்று முதல் சன்னல் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டு அறையிலும் வேறு வரிசையில் போய் அமர்ந்தாள். ஆனால் கொட்டாங்கச்சியில் சாமை மட்டும் நாள் தவறாமல் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உள்ளே ஏதோ குத்தியது.

மூன்றாம் நாள் எங்கள் அறிவியல் சிஸ்டர் குறிப்பேட்டைப் பார்க்கக் கேட்டார். சிவப்புக் கோட்டைக் கண்டார். கோபிப்பார் என்று நடுங்கினோம். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவள் எங்கிருந்து பார்த்தாள் என்று விசாரித்தீர்களா?" நாங்கள் விசாரிக்கவே இல்லை.

மறுநாள் விடியற்காலையில் அவள் துணி துவைக்கும் கல்லருகே போய்க் குந்தி அமர்ந்தோம். பனி எலும்பைக் குத்தியது. சற்று நேரத்தில் அந்தக் குருவி வந்து எங்கள் தலைக்கு மேலே கிணற்று மதிலில் அமர்ந்தது. தட்டிலிருந்து ஒரு வாய் நீர் எடுத்தது. விழுங்குவதற்காகத் தலையை உயர்த்தியது. அந்த நொடியில் கண்டோம்! வெளுத்த தொண்டையில், யாரோ விரலால் மஞ்சள் தொட்டு வைத்தாற்போல் ஒரு பொட்டு! மாடியிலிருந்து நாங்கள் இத்தனை நாளும் பார்த்தது அதன் முதுகை. கீழேயிருந்து அவள் பார்த்தது அதன் தொண்டையை.

அன்று மாலை சிஸ்டர் நூலக அலமாரியைத் திறந்து, டாக்டர் சலீம் அலி 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூலை எடுத்துக் கொடுத்தார். அதில் எங்கள் விருந்தாளி இருந்தது. அதன் பெயர் மஞ்சள் தொண்டைச் சிட்டு. பெண் பறவைக்கு மஞ்சள் மங்கலாக இருக்கும். சிலவற்றில் தெரிவதே இல்லை. மரப்பொந்தில்தான் கூடு வைக்கும். எங்கள் தோழி சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை.

சிஸ்டர் மற்றொன்றும் சொன்னார். 1896இல் பிறந்த சலீம் அலி, மும்பையில் மாமா வீட்டில் வளர்ந்த சிறுவனாக இருந்தபோது, விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினாராம். அதன் தொண்டையிலும் மஞ்சள் இருந்தது. இது என்ன பறவை என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலராக இருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயர், "உனக்கு என்ன தெரியும்?" என்று விரட்டிவிடாமல், அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் திறந்து காட்டினார். அந்தச் சிறுவனே பின்னாளில் பறவை அறிஞராகி 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1985இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றின் தலைப்பிலும் ஒரு சிட்டை வைத்தார். எங்கள் பலா மரத்துக்கு வந்ததும் அதே இனப் பறவைதான்!

மில்லார்டு ஒரு சிறுவனின் கேள்வியை மதித்தார். நாங்களோ உடன் உண்டு உறங்கும் தோழியின் கண்ணை நம்பவில்லை. நான்கு பேர் சேர்ந்து சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று எண்ணிவிட்டோம்.

அன்றிரவு நால்வரும் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சாமை தீரப்போகிறது. அம்மா வரும்போது சொல்ல வேண்டும்" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் சாப்பாட்டில் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டாள்.

சிவப்புக் கோட்டை அழிக்கப் பார்த்தோம், முடியவில்லை. அதன் கீழே நீல மையில், "மஞ்சள் தொண்டைச் சிட்டு. முதலில் கண்டவள் எங்கள் தோழி" என்று எழுதி, நால்வரும் கையெழுத்திட்டோம். அன்புத் தோழியரே, அந்தப் பக்கத்தை நாங்கள் கிழிக்கவில்லை. அடுத்த ஆண்டு குறிப்பேட்டை ஏற்று நடத்தப்போகும் தங்கைகள் அதையும் படிக்கட்டும். படித்துவிட்டு, ஒரு காலையாவது துவைக்கும் கல்லருகே போய் அமர்ந்து பார்க்கட்டும்.