கற்பிட்டி மழையும் நீர்வர்ணமும்

மழைக்காலக் கற்பிட்டியை அவ்விடத்திலேயே இருந்து தீட்ட வேண்டுமென்று ஐப்பசி மாதத்தில் கூடாரமும் படங்கும் சுமந்து நாங்கள் மூவர் புறப்பட்டபோது, வீட்டார் நகைத்ததில் வியப்பில்லை.

கற்பிட்டி ஒரு தீபகற்பம். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. மழை எத்திசையிலிருந்து வந்தாலும் தொலைவிலேயே புலப்பட்டுவிடும். அது வந்து சேருமுன் கிடைக்கும் சில நிமிடங்களே ஓவியனுக்கு உரியவை.

நீர்வர்ணத்தின் தொல்லை அதன் பிசினில் இருக்கிறது. வர்ணத்தூளைத் தாளோடு பிணைக்கும் வேலம்பிசின் நீரிற் கரைவது. ஆகையால் உலர்ந்த படத்தின்மீது தூறல் பட்டாலும் புள்ளி விழும். ஈரக்காற்றிலோ முதற்பூச்சு எளிதில் உலராது. பொறுமையின்றி அடுத்ததைத் தீட்டினால் வானமும் களப்பும் ஒன்றாய்க் கலந்துவிடும். கான்ஸ்டபிள் என்னும் ஆங்கில ஓவியர் 1820களில், பிரைட்டன் கடல்மீது பெய்த மழையைத் தாளில் எண்ணெய் வர்ணத்தால் தீட்டினார். எண்ணெயை மழை கரைக்காது, கெட்டிக்காரர்! ஆனால், வானமும் களப்பும் கலந்து நிற்பதே அங்கு மெய்யான காட்சி என்பது என் கட்சி.

தலவிலுக்கு அண்மையில் முகாமிட்டோம். காலையில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் மாம்புரிக் காற்றாலைகளும் தெரிந்தன. மழைத்திரை நெருங்க நெருங்க அவை ஒவ்வொன்றாய் மறைந்து, ஒரு மீன்வாடியும் கரையேற்றிய வள்ளமுமே எஞ்சின. நீலத்தோடு சிறிது காவி கலந்தேன். அந்தச் சாம்பல் நிறத்துக்குக் கறுப்பு வேண்டியிருக்கவில்லை.

ஈரப்பூச்சின்மேல் உப்புத் தூவும் தந்திரம் ஒன்றுண்டு. உப்புக்கல் தன்னைச் சூழ்ந்த நீரை இழுக்க, வர்ணம் விலகி வெண்பூ பூத்தாற்போலத் தடம் விழும். புத்தளத்தில் உப்புக்கா பஞ்சம் என்று, கறிக்கு வைத்திருந்ததில் ஒரு சிட்டிகை தூவினேன். ஈரத்தில் அதுவே கசிந்திருந்தது. பூவுக்குப் பதிலாக மங்கிய கறைகளே கிடைத்தன.

திரும்பும் வழியில், பாலாவி உப்பளத்தருகே ஒரு தொழிலாளியிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“பாத்தியில விளைஞ்சதை வாருறதுக்கு முந்தி மழை பெஞ்சா, எல்லாம் திரும்பத் தண்ணிதான், தம்பி” என்றார்.

மழை விளைச்சலைக் கெடுத்ததனால் 2025ஆம் ஆண்டில் இலங்கை, இந்தியாவிலிருந்து உப்புத் தருவிக்க நேர்ந்தது. அவருக்கு அது கூலியில்லாத நாட்கள்.

கிடுகால் மூடிய உப்புக் குவியல்களை அவர் காட்டினார். அங்கேயே அமர்ந்து அவற்றைத் தீட்டினேன். கிடுகின் விளிம்பில் தெரிந்த வெண்மைக்கு வர்ணம் பூசாமல் தாளையே விட்டுவைத்தேன். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. அவர் தாமே படங்கின் ஒரு முனையைப் பிடித்து, படம் நனையாதபடி நின்றார்.