சூடேறாத பஸ்

நவம்பர், முதல் கிழமை

நேற்று இரவு மூன்று பேராகத் தள்ளி உள்ளே ஏற்றினோம். கராச் கதவு 7 அடி உயரம். பஸ் ஆறரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. திறந்த கதவின் விளிம்புக்கும் பஸ்ஸின் கூரைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. மனுசியின் கார் இனி ஏப்ரல் வரை வெளியில் நிற்கவேண்டும். காலையில் அதன் கண்ணாடியில் ஐஸ் சுரண்டப் போவதும் அவள்தான். ஆனாலும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பஸ் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னால் ஸ்காபரோவில் ஊர் ஆட்கள் முதலில் கேட்பது, "எத்தனை சீற்?" அவர்கள் கண்ணுக்குள் சிவப்பு நிறச் சீ.ரீ.பீ. பஸ் வந்து நிற்கிறது. இது அது இல்லை. 1971ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் ரைப் 2. ஊரில் என்றால் வான் என்போம். இங்கே இதை வைத்திருப்பவர்களிடம் வான் என்று சொல்லிப் பாருங்கள், முகம் கோணிப்போகும். அவர்களுக்கு இது பஸ்தான். நானும் ஒரு மாதத்தில் அந்தச் சாதிக்குள் சேர்ந்துவிட்டேன்.

சேசி எண் 221 என்று தொடங்குகிறது. 22 என்றால் மைக்ரோபஸ். அடுத்த 1, 1971 மொடல் என்பதற்கு. முன் இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு, அதில் எண்களும் எழுத்துகளும் மட்டும்: எந்த நாள் கட்டியது, என்ன நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பியது, என்னென்ன மேலதிகமாகப் பூட்டியது. படிக்கத் தெரிந்தவனுக்கு அது சாதகக் குறிப்பு. பிறந்த இடம் ஜெர்மனி, ஹனோவர். கிரகநிலை சரியில்லை என்பதைக் குறிப்பைப் பார்க்காமலே சொல்லலாம். அடியில் படுத்துப் பார்த்தால் போதும்.

நவம்பர் கடைசி

எஞ்சினை இறக்கியாயிற்று. பின்னால் குறுக்கே போகும் தாங்கு சட்டத்தைக் கழற்றி, கியர்பொக்ஸோடு பிடித்திருக்கும் நான்கு 17 மில்லிமீற்றர் போல்ற்–நட்டுகளையும் கழற்றினால், நூறு கிலோவுக்கு மேற்பட்ட எஞ்சின் ஜாக்கியின் மேல் இறங்கி வந்துவிடும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. மேல் நட்டுகள் இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. தலையை ஒரு பக்கம் வைத்து, கையை மறுபக்கம் விட்டு, குருடன் பல்லாங்குழி ஆடுவதுபோல் தடவித் தடவிக் கழற்றவேண்டும். வெளியில் மைனஸ் 6. உள்ளேயும் அதற்கு அதிகம் வித்தியாசமில்லை. கையுறை போட்டால் நட் எது, விரல் எது என்று தெரியாது. போடாவிட்டால் பத்து நிமிடத்தில் விறைத்து, அப்போதும் தெரியாது.

புத்தகம் என்றது ஜோன் மியூர் 1969இல் எழுதிய பழுதுபார்க்கும் கைநூல். முழு மடையனுக்கும் படிப்படியாக என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். மனுசி அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை.

டிசம்பர் 9

வெல்டிங் தெரிந்த தம்பி ஒருவன் வந்தான். ஊரில் சின்ன வயதிலிருந்து கராச்சில் நின்றவன். சுத்தியலின் பின்பக்கத்தால் கதவுக்குக் கீழே தட்டிக்கொண்டே போனான். "டங், டங்" என்று வந்த சத்தம் ஓரிடத்தில் "பொத்" என்றது. அடுத்த தட்டில் சுத்தியல் உள்ளே போய்விட்டது.

"அண்ணை, இதுக்குள்ள இரும்பைவிடக் கறள்தான் கூட."

கதவின் கீழ்ச்சட்டம் வெளி, நடு, உள் என்று மூன்று அடுக்குத் தகடு. வெளியில் வீங்கித் தெரிந்தால் உள்ளே இரண்டும் போய்விட்டன என்று பொருள். ஜாக்கி வைக்கும் இடங்கள், பற்றரித் தட்டு, முன் சில்லுக்கு மேலுள்ள வளைவு, முன்கண்ணாடி றப்பரின் கீழ்விளிம்பு. எல்லா வண்டியிலும் ஒரே இடங்கள். இந்த வண்டிக்குக் கறள் பரம்பரை வியாதி.

பழி உப்புக்குத்தான். ஆனையிறவில் வெயிலில் காய்ந்து வெள்ளையாய்க் குவிந்து கிடந்த உப்பைப் பார்த்து வளர்ந்த எனக்கு, உப்பைத் தெருவில் கொட்டுவது இன்னும் மனதுக்கு ஒத்துவரவில்லை. இந்த ஒன்ராறியோவில் கோட்ரிச் என்ற ஊரில் ஹியூறன் ஏரிக்கு அடியில், 500 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கே தோண்டுவதில் பெரும்பங்கு கறிக்குள் போவதில்லை, றோட்டுக்குப் போகிறது. மைனஸ் 10க்குக் கீழே போனால் அந்த உப்புக்கும் வேலை செய்ய அலுப்பு.

எனக்குப் புதிதாகத் தெரிந்தது வேறொன்று. கடுங்குளிரில் கறள் அதிகம் ஏறாது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும்போதுதான் இரும்பு கரைகிறது, அதற்கு ஈரம் திரவமாக இருக்கவேண்டும். உப்போடு வந்த வண்டியைச் சூடான கராச்சுக்குள் விட்டால்தான் ஓய்வில்லாமல் கறள் பிடிக்கும். இத்தனை காலம் காருக்கு உபகாரம் என்று நினைத்து உபத்திரவம் செய்திருக்கிறேன். மனுசியிடம் இதைச் சொன்னேன். "அப்ப என்ர கார் வெளியில நிக்கிறது நல்லம் எண்டு சொல்ல வாறியள்?" என்றாள். இப்போது பேசினாள்.

நத்தார் விடுமுறை

குசினிக்குள் எஞ்சின். கார்பரேற்றர் பாத்திரம் கழுவும் தொட்டியில். (வேறு பிரஷ், வேறு சவர்க்காரம். சத்தியம்.) பிஸ்டனில் ஊசி பூட்ட, பிஸ்டனை 80 பாகைக்குச் சூடாக்கவேண்டும். அலுமினியம் விரியும், ஊசி பெருவிரலால் தள்ள வழுக்கிக்கொண்டு போகும். குளிரில் சுத்தியல் எடுத்தால் இரண்டும் கெடும். கேக் தட்டில் நான்கு பிஸ்டனை அடுக்கி ஓவனுக்குள் வைத்தேன். மணி அடித்ததும் மகள் ஓடிவந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் மேலே போனாள். அந்தக் குணம் தாயிடமிருந்து.

இந்த எஞ்சினில் தண்ணீர் இல்லை, ரேடியேற்றர் இல்லை, உறைந்து வெடிக்க ஒன்றுமில்லை. எண்ணெய் வடிகட்டிக்குப் பதில் ஒரு வலைச்சல்லடை. எண்ணெய் இரண்டரை லீற்றர். வால்வு இடைவெளி 0.15 மில்லிமீற்றர், அதுவும் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்கவேண்டும். இந்த ஒரு நிபந்தனையை மட்டும் சிரமமில்லாமல் நிறைவேற்றினேன்.

பெற்றோல் குழாய்களை எல்லாம் மாற்றினேன். பழைய றப்பரை வளைத்தபோது அப்பளம் மாதிரி உடைந்தது. எஞ்சின் உடல் மக்னீசியம் கலந்த உலோகம், பற்றினால் தண்ணீர் ஊற்றினாலும் எரியும். இந்தப் பஸ்கள் பல செத்தது கறளால் அல்ல, ஒரு முழம் றப்பரால்.

ஜனவரி, மைனஸ் 19

என் மடத்தனத்தை எழுதி வைக்கிறேன்.

போன கிழமை தம்பி வெட்டி ஒட்டிய புதுத் தகடுகளை எல்லாம் தேய்த்து வெள்ளி மாதிரிப் பளபளவென்று விட்டேன். அண்டர்கோட் அடிக்க 15 பாகையாவது வேண்டும், அதற்குக் கீழே அது இறுகாது. ஆகவே ஒரு புறொப்பேன் ஹீற்றர் வாங்கி வந்து பற்றவைத்தேன். சூடு சுகமாக இருந்தது. இரவு முழுக்க இருக்கட்டும் என்று ஒரு ஆசை வந்தது. நல்லவேளை, கார்பன் மொனொக்சைட் அலாரத்தைப் பூட்டிவிட்டே ஆசைப்பட்டேன். பதினைந்தாவது நிமிடம் அது கத்தியது. நிற்பாட்டி, கதவைத் திறந்து, படுக்கப் போனேன்.

காலையில் தகடெல்லாம் செம்மஞ்சள். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியதுபோல்.

புறொப்பேன் எரிந்தால் சூட்டோடு தண்ணீரும் வரும். ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி. அது போய்ப் படியும் இடம் அந்த அறையிலேயே ஆகக் குளிர்ந்த பொருள், அதாவது என் தகடு. பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கிய விஷயம். இரண்டு நாள் தேய்த்ததை இன்னும் இரண்டு நாள் தேய்த்தேன். இப்போது சுவரில் மின்சார ஹீற்றர். மின்கட்டணம் வரும்போது நான் வீட்டில் இல்லாமல் இருந்தால் நல்லது.

ஹீற்றர் பற்றி, தனியாக

பக்கத்து வீட்டுக் கிழவர் எழுபதுகளில் இதே பஸ் வைத்திருந்தவர். கராச்சுக்குள் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு கதை சொன்னார். ஐஸ் சுரண்டி இரண்டு வைத்திருந்தாராம்: ஒன்று கண்ணாடிக்கு வெளியே, ஒன்று உள்ளே. உள்ளேயுள்ளதால் மனைவி சுரண்டிக்கொண்டே வருவாராம், இவர் அந்த ஓட்டையால் பார்த்து ஓட்டுவாராம். சிரித்துச் சொன்னார். அந்த அம்மாவிடமும் கேட்டிருக்கலாம்.

காரணம் எளிது. மற்றக் கார்களில் எஞ்சினைச் சுற்றி வரும் சுடுதண்ணீர் ஹீற்றருக்கும் வரும். இதில் தண்ணீரே இல்லை. புகை போகும் குழாயைச் சுற்றி ஒரு தகரப் பெட்டி, உள்ளே அலுமினியச் செதிள்கள். எஞ்சினின் விசிறியே அதற்குள் காற்றை ஊதும். அந்தக் காற்று சூடாகி, பஸ்ஸின் வயிற்றுக்குக் கீழே ஒரு நீளக் குழாயால் பத்தடிக்கு மேல் பயணம் செய்து முன்கண்ணாடிக்கு வரவேண்டும். பத்தடியும் வெளிக்குளிரில். வரும் வழியில் சூடு ஆவியாகி, வந்து சேர்வது நல்லெண்ணம் மட்டும். சிவப்பு லைற்றில் நின்றால் விசிறியும் மெதுவாகும், நல்லெண்ணமும் நின்றுவிடும். வேகமாய்ப் போகிறவனுக்கே சூடு.

தகரப் பெட்டிக்குள் புகைக்குழாய் ஓட்டையாகிவிட்டால் புகையும் உள்ளே வரும். என்னுடையதில் இடது பெட்டி ஓட்டை. அதன் நட்டுகள் மூன்று நாளாக அசையவில்லை. தம்பி சொன்ன வைத்தியம்: நட்டைச் சுடவைத்து, பிறந்தநாள் மெழுகுதிரியை அதில் தொடு. மெழுகு உருகிப் புரிக்குள் இறங்கும். நான் நம்பவில்லை. நான்கில் மூன்று கழன்றன. நான்காவது முறிந்தது. மூன்றுக்கு நன்றி, மெழுகுதிரிக்கு.

வயிற்றுக் குழாயைக் கழற்றியபோது சுற்றியிருந்த பஞ்செல்லாம் எலிக்கூடு. கண்ணாடிக் கம்பளி வாங்கி இரட்டைச் சுற்றாகச் சுற்றினேன். மூட்டுகளில் ஒன்றையும் சும்மா விடவில்லை. இந்த வேலை ஒருவர் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. பெயின்றைப் பார்க்கத்தான் ஆட்கள் வருவார்கள். ஆனால் இந்தக் குளிர்காலத்தில் நான் செய்த ஒரே நல்ல வேலை இந்தக் குழாய்தான் என்று நினைக்கிறேன்.

பெப்ரவரி

முன்கண்ணாடி. புது றப்பரைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, கண்ணாடியில் மாட்டி, தவாளிப்பில் கயிற்றைச் சுற்றி, சவர்க்காரத் தண்ணீர் பூசி, ஒருவர் வெளியிலிருந்து தள்ள மற்றவர் உள்ளிருந்து கயிற்றை இழுக்கவேண்டும். தள்ள வந்தது மனுசி. றப்பர் குசினியிலிருந்து கராச்சுக்கு வருவதற்குள் பாதி விறைத்துவிடுகிறது. முதல் தடவை மேல் மூலை ஏறவில்லை. இரண்டாம் தடவை கீழ் மூலை. மூன்றாவதில் ஏறியது. "கொத்துரொட்டி வாங்கித் தாறியள்" என்றுவிட்டுப் போனாள், கேள்விக்குறி இல்லாமல்.

பார்சலுக்குக் காத்திருந்த ஒரு நாள் வாசித்தது. 1947 ஏப்ரல் 23ஆம் திகதி பென் பொன் என்ற டச்சுக் கார் வியாபாரி தன் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பெட்டி வரைந்தார். பின்னால் எஞ்சின், ஆக முன்னால் சாரதி. வொல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலைக்குள் தொழிலாளர்கள் சாமான் ஏற்ற ஒட்டுப்போட்ட தட்டுவண்டி ஒன்றைப் பார்த்து வந்த யோசனை. 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. ஜெர்மனியில் என்னுடைய வடிவம் 1979இல் நின்றது, பிரேசிலில் 2013 கடைசிவரை போனது. அந்த நாலு கோட்டுப் படத்தில் ஹீற்றர் வரைந்திருக்கவில்லை.

மார்ச்

எஞ்சின் ஏறிவிட்டது. சாவியைத் திருப்பினால் பீரங்கி. கராச்சின் கூரைத் தூசி முழுக்கத் தலையில். இரண்டாம் தடவையும் பீரங்கி. பக்கத்து வீட்டுக் கிழவர் சாரத்தைப் போன்ற ஒரு கவுனோடு ஓடிவந்தார்.

பிழை என்னுடையது. மற்ற எஞ்சின்களில் பெல்ற் சில்லு இருக்கும் பக்கம் முன்பக்கம். இதில் அது பின்பக்கம். எஞ்சினே வண்டியின் பின்னால் பின்பக்கம் பார்த்து இருப்பதால், ஒன்றாம் சிலிண்டர் எனக்கு எட்டாத தூரத்தில், வலது கைப்பக்கம். நான் எல்லா வயரையும் தலைகீழாகப் பூட்டியிருந்தேன். 1-4-3-2 என்று சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதி, அதைப் பார்த்துப் பூட்டினேன். மூன்றாவது திருப்பில் அந்தச் சத்தம் வந்தது. தையல் மெஷின் என்பார்கள். எனக்கு நெல்லுக்குத்தும் மில்லின் பெல்ற் சத்தம். கதவைத் திறந்து வைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். ஸ்நோவில் கறுப்பு எண்ணெய்த் துளி ஒன்று. ஒன்று மட்டும்.

ஏப்ரல் 21

17 பாகை. தெருவோரம் மிஞ்சிய ஸ்நோ மண்ணிறமாகி, சாக்கடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸை வெளியே எடுத்தேன். பாதி பிறைமர், பாதி பழைய பச்சை, கூரை விளிம்பில் இன்னும் கறள். பெயின்ற் மே மாதம். மனுசி முன் இருக்கையில் ஏறினாள். கால்களுக்கும் றோட்டுக்கும் நடுவில் ஒரு தகடு மட்டும் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

பெரிய வீதிக்கு ஏறி அறுபதில் போகையில் ஹீற்றர் நெம்பைக் கீழே இழுத்தேன். முதலில் எரிந்த எலிக்கூட்டு மணம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு கண்ணாடிக்குக் கீழேயிருந்து மெல்லிய சூடு. அவள் கையை நீட்டிப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"வருது" என்றாள்.

மூன்று சந்தி தாண்டுவதற்குள் அது மெல்லிய சூடு இல்லை, அடுப்பு வாய். இரட்டைச் சுற்றுக் கம்பளி.

"இஞ்சருங்கோ, நிப்பாட்டுங்கோ. வேர்க்குது."

நெம்பை மேலே தள்ளினேன். நெம்பு போனது, சூடு போகவில்லை. திரும்பவும் தள்ளினேன். எங்கோ அடியில் கேபிள் இறுகி, மடல் திறந்தபடி நின்றுவிட்டது. இரண்டு பக்க யன்னலையும் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

நாளைக்கு: வலதுபக்கக் கேபிள். கிறீஸ். மனுசியின் கார் கராச்சுக்குள்.