வடிவுக்காக ஒரு வாதம்

வசந்தபாலனின் ‘காவியத் தலைவன்’ 2014 நவம்பர் 28 அன்று வெளியானது. ஏ.ஆர். ரஹ்மான் இசை, ஜெயமோகன் வசனம், சித்தார்த், பிரித்விராஜ், வேதிகா, நாசர் நடிப்பு. இத்தனை பேர் இருந்தும் படம் ஓடவில்லை. நீளம் அதிகம், வேகம் இல்லை, பாட்டில் பழைய நாடக மேடையின் வாசம் இல்லை, கோமதி நாயகத்தின் தமிழில் மலையாளம் ஒட்டியிருக்கிறது என்றார்கள். பெண்ணியத் தோழிகளின் கணக்கு வேறு. ஜமீன் வீட்டுப் பெண் தற்கொலை செய்துகொள்கிறாள், நடிகை இரண்டு ஆண்களுக்கு நடுவே காதலியாக நிற்கிறாள், தலைப்பில்கூடத் தலைவன்தான் இருக்கிறான் என்றார்கள். இவற்றில் ஒன்றையும் நான் மறுக்கப்போவதில்லை. ஆனாலும் நாடகத் தமிழ்ப் பாடம் நடத்தும்போது மாணவிகளுக்கு நான் போட்டுக் காட்டுவது இந்தப் படத்தைத்தான்.

முதல் காரணம், கலையை உழைப்பாகக் காட்டுகிறது. நம் சினிமாவில் பாட வருகிறவருக்கு ஒரே பாட்டில் ஊர் கைதட்டிவிடும். இங்கே அப்படி இல்லை. பிள்ளைகள் கம்பெனியிலேயே தின்று, தூங்கி, அடிவாங்கி வளர்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அப்படிப்பட்ட இடம். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவர்கள். நாசரின் சிவதாஸ் சுவாமிகளிடம் அவர் சாயல் உண்டு. ராஜபார்ட் யாருக்கு என்ற கேள்வி எழும்போது குரு இரண்டு பையன்களையும் சூரபத்மனாக நடித்துக் காட்டச் சொல்கிறார். வேடம் காளிக்குப் போகிறது. கிடைக்காத கோமதியின் வலிதான் மீதிக் கதையை நகர்த்துகிறது. ஒரு வேடத்துக்காக மனிதர் எவ்வளவு ஏங்குவார் என்பதை இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு சொன்ன தமிழ்ப்படங்கள் குறைவு. நீளம் என்று அவர்கள் சொன்னதில் பாதி இந்த ஏக்கம்தான்.

இரண்டாவது காரணம் வடிவு. பாய்ஸ் கம்பெனியில் ஸ்திரீபார்ட்டும் பையன்களுக்கே. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அந்தப் பிழைப்பு போயிற்று. பெண்களுக்கு அங்கே இடமில்லை என்பதால் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். வடிவாம்பாளுக்குப் பின்னால் நிற்கிறவர் கே.பி. சுந்தராம்பாள். கொடுமுடியில் பிறந்து, வறுமையில் ரயிலில் பாடிய சிறுமி. மேடையிலும் வாழ்விலும் துணையாக இருந்த எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இறந்தபோது அவருக்கு வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தி, இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்து ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். பையன்கள் பெண்வேடம் கட்டிய காலத்து மேடையிலிருந்து வந்தவர், சினிமாவில் ஆண்வேடம் கட்டினார். 1951இல் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார்.

இந்தக் கதையை நேராகவே எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். எடுத்திருக்கலாம். யாரும் எடுக்கவில்லை. வடிவைப் பார்த்த பிறகுதான் என் மாணவிகள் சுந்தராம்பாளைத் தேடிப்போகிறார்கள். படத்தில் இடம் போதாமல் நிற்கிற பெண்ணே அவர்களை வெளியே அழைத்துப்போகிறாள்.

மூன்றாவது காரணம் என் ஊர். நான் கொல்லிமலையில் பைல் நாட்டுக்காரி. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் பாடும்போது, கூட வந்த விறலியை அழைத்துப் பாடலுக்கு ஆயத்தமாகிறார். முழவும் யாழும் சுமந்து பிழைப்புக்காக மலையேறிய கூட்டம் அது. அதே மலைக்குக் கொல்லிப்பாவையும் உண்டு. தலைவியின் அழகுக்குப் புலவர்கள் உவமை சொன்ன பாவை. பார்க்கப்படுகிற பாவையை ஊர் இன்றுவரை கும்பிடுகிறது. பாடிப் பிழைத்த விறலியின் பெயர் பாட்டிலேயே இல்லை.

என் அத்தை சாமைக் காட்டில் களையெடுக்கும்போது கூத்துப் பாட்டெல்லாம் பாடுவார். கட்டியங்காரன், துரியோதனன், திரௌபதி என ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் வைத்திருந்தார். கூத்து நடக்கும் ராத்திரியில் ஆண்கள் சேலை கட்டித் திரௌபதியாக ஆடுவார்கள். அத்தை பாயில் உட்கார்ந்து, ஆடுகிறவர் ஓர் அடியை விட்டால் அதை எடுத்து முணுமுணுப்பார். மேடைக்கும் பாய்க்கும் நடுவே பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியை அவர் சாகும்வரை கடக்கவில்லை.

போன ஆண்டு வகுப்பில் படம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். அவளும் மலைக்காரப் பெண்தான். விடுதியில் இருந்து படிக்கிறவள். “மேடம், பொண்ணுங்க கூத்துல சேரணும்னா யாருகிட்டக் கேக்கணும்?” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அவளுக்கு மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் இன்றும் வள்ளியாக நின்று நாரதரோடு விடியவிடியத் தர்க்கம் செய்கிற பெண்களைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் வாங்கும் கைதட்டலையும், மேடையை விட்டு இறங்கியதும் ஊர் அவர்களைப் பேசும் பேச்சையும் சேர்த்தே சொன்னேன். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது அவளை ஏமாற்றுவதாகும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூத்து வாத்தியாரிடம் போய்வருகிறாள். அவர் முதலில் பாட்டு மட்டும் போதும் என்றாராம். இப்போது அடவும் சொல்லித் தருகிறார். அப்பாவுக்கு இன்னும் சம்மதமில்லை. அம்மா மட்டும் பஸ் காசு கொடுத்து அனுப்புகிறார். மேடையேறினால் கல்யாணம் தட்டிப்போகும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். தட்டிப்போகலாம். அதையும் யோசித்துவிட்டுத்தான் போகிறாள்.

வசூலும் நட்சத்திரக் குறியும் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு யார் எழுந்து என்ன கேட்டார்கள் என்பதை அவை எண்ணுவதில்லை. இந்த ஆண்டும் ‘காவியத் தலைவனை’த்தான் போடுவேன். குறைகளையும் நானே சொல்லுவேன். அதன் பிறகு, கேள்வி கேட்கக் கொஞ்ச நேரம் மிச்சம் வைப்பேன்.